வில்லும் கிடாரும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களின் பாட்டு வரலாறு

2001ஆம் ஆண்டு லண்டனில் இருந்து ‘சால்ட் ரெயின்’ என்றொரு இசை ஆல்பம் வெளிவந்தது. பாடியவர் சுசீலா ராமன். லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். மின்கருவிகளை அடக்கி வைத்து, மரக் கிடாரை முன்னால் நிறுத்தி, தியாகராஜர், தீட்சிதர் கீர்த்தனைகளையும் ஆங்கிலப் பாட்டுகளையும் ஒரே தட்டில் பாடியிருந்தார். பிரிட்டனின் பெரிய இசைப் பரிசான மெர்க்குரி பரிசுக்கு அந்த ஆண்டு அது பரிந்துரைப் பட்டியலில் வந்தது. பிறகு 2011இல் ‘வேல்’ என்ற ஆல்பத்தில் முருகன் பாட்டுகளை எடுத்துக்கொண்டார். கேட்டவர்களில் சிலர் இது புளூஸ் என்றார்கள், சிலர் சோல் என்றார்கள், நம்மவர்களில் மூத்தவர்கள் “கீர்த்தனையை ஏன் இப்படி இழுக்கிறாள்?” என்று முகம் சுளித்தார்கள். வீட்டில் பிள்ளைகள் கேட்டால் பெற்றோருக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை.

அந்த விளக்கத்தைத் தேடிப் போனால் அது நம்மை மிசிசிப்பிக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து, சற்றும் எதிர்பாராத வகையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் கொண்டுவந்து விடும். இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் பலருக்கு அந்த ஊர்கள் ரயில் ஜன்னலில் பார்த்த பெயர்ப் பலகைகள்தான். சிலருக்கு அது தாய்வீடு. இரண்டு கூட்டத்தாருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில் புளூஸ் என்பது என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி வயல்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தவர்கள், அடிமை முறை 1865இல் ஒழிந்த பிறகும் கடனிலும் சிறையிலும் கட்டுண்டு கிடந்த காலத்தில் உருவாக்கிய பாட்டு அது. டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்காரர் 1903 வாக்கில் டட்வைலர் என்ற சிற்றூர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, கந்தல் உடுத்திய ஒருவர் கிடார் தந்தியின் மேல் கத்தியை வைத்து அழுத்திக்கொண்டே பாடியதைக் கேட்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பாடியவர் பெயர் அவருக்குத் தெரியாது. பாட்டில் வந்தது இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஓர் இடம். அவ்வளவுதான் விஷயம். முதல் வரியைச் சொல்லி, அதையே திருப்பிச் சொல்லி, மூன்றாவதில் முடிப்பது இந்தப் பாட்டின் வழக்கமான கட்டு. 1920இல் மேமி ஸ்மித் பாடிய இசைத்தட்டு விற்றுத் தீர்ந்த பிறகுதான் கம்பெனிகள் இந்தப் பாடகர்களைத் தேடி ஊர் ஊராகப் போயின. ராபர்ட் ஜான்சன் 1936இலும் 1937இலும் டெக்சாசில் இரண்டு முறை உட்கார்ந்து 29 பாட்டுகளைப் பதிவு செய்தார். மறுவருடமே இறந்தும் போனார். உலகம் முழுக்க இன்று கிடார் பிடிக்கும் பையன்கள் அந்த 29 பாட்டுகளில்தான் பாடம் தொடங்குகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கருவி. கிடார் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்து, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டி, அடியில் ஒரு புட்டியைச் செருகி முறுக்கேற்றி, தட்டி வாசித்தார்கள். இதற்கு ‘டிட்லி போ’ என்று பெயர். ‘போ’ என்றால் வில். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒற்றைத் தந்தி வில்லின் பேரப்பிள்ளை அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இன்னொன்று, காலி மண்கலயத்தின் வாயில் ஊதித் தாளம் காட்டும் கூட்டங்கள் மெம்பிஸ் நகரத்தில் 1920களில் இருந்தன. வில், கலயம். நம் தென்கோடி ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை!

வில்லுப்பாட்டை நம்மில் பலர் மேடையில்தான் பார்த்திருப்பீங்க. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் சினிமாவுக்குக் கொண்டுபோனது, சுப்பு ஆறுமுகம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சபாவிலும் பாடியது, குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம், காந்தி கதை, இப்படி. அது வேறு. கோயில் கொடையில் பாடும் வில்லுப்பாட்டு வேறு. பனைமரத்திலோ மூங்கிலிலோ வளைத்த ஆளுயரத்துக்கும் மேலான வில்லில் தோல்நாண் ஏற்றி, வரிசையாக வெண்கல மணி கட்டி, வில்லைக் குடத்தின் மேல் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் புலவர் உட்கார்ந்து இரண்டு வீசுகோல்களால் நாணில் அடித்துப் பாடுவார். குடக்காரர் ஒரு கையில் தட்டையான அட்டையால் குடத்தின் வாயிலும், மறுகையில் நாணயத்தால் குடத்தின் பக்கத்திலும் தட்டுவார். உடுக்கு, ஜால்ரா, கட்டை உண்டு. புலவரின் வலப்பக்கம் பாடுகிறவர்கள் ஒரு கட்சி, இடப்பக்கம் பாடுகிறவர்கள் மறு கட்சி. அவர் விட்ட அடியை இவர்கள் எடுப்பார்கள், இவர்கள் விட்டதை அவர் வாங்குவார். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், அப்புறம் கதை, கடைசியில் வாழ்த்து என்று ஒழுங்கு இருக்கும். ஆனால் கதை நடுவில் அந்த ஒழுங்கெல்லாம் உடையும் ஒரு நேரம் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

குமரி மாவட்டமும் நெல்லையின் தெற்குப் பகுதியும் இதன் மையம் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இது பரவியிருப்பதைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். களியக்காவிளையில் இருந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று திருவனந்தபுரம் போகும் சாலையின் இரண்டு புறமும், கடலோரம் பூவார், பொழியூர் வரையிலும், மலையோரம் வெள்ளறடை வரையிலும் மாடன், இசக்கி, யட்சி, தம்புரான் என்று காவுகளும் பீடங்களும் சிதறிக் கிடக்கின்றன. அங்கே இதற்கு வில்லடிச்சான் பாட்டு என்று பெயர். மலையாள இலக்கிய வரலாற்றில் இந்தக் கதைப்பாடல்களைத் ‘தெக்கன் பாட்டுகள்’ என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

இந்தத் தெக்கன் பாட்டுகளின் மொழிதான் இங்கே தகராறு. தமிழ் ஆய்வாளர் இதைத் தமிழ் என்பார். மலையாள ஆய்வாளர் இதைப் பழைய தென்திருவிதாங்கூர் மலையாளம் என்பார். பாடுகிற ஆசானைக் கேட்டால், “பாட்டு பாட்டுதானே, எந்த பாஷை என்று யாரு பார்த்தா?” என்பார். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பார்த்திவபுரத்தில், அதாவது பாறசாலைக்கு மிக அருகில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் வெட்டிக் கொடுத்த செப்பேடு தமிழ்மொழியில், வட்டெழுத்தில் இருக்கிறது. கோவளத்தை ஒட்டிய ஔவாடுதுறையில் வாழ்ந்த அய்யிப்பிள்ளை ஆசான் பாடிய ‘இராமகதைப் பாட்டு’ இன்று மலையாள இலக்கியத்தின் பழம்பெரும் நூல்களில் ஒன்று. அதைப் பிரித்துப் படித்தால் நம் கம்பன் காதில் விழுந்துகொண்டே இருப்பான். ‘சந்திரவளையம்’ என்ற சிறு வட்டமான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பாடப்பட்ட பாட்டு அது. ஒரு மனிதன், ஒரு கருவி, ஒரு பெரிய கதை. மிசிசிப்பிக்காரன் இதைக் கேட்டிருந்தால் சொந்தக்காரன் என்று கட்டிப் பிடித்திருப்பான்.

இன்னும் கிட்ட வந்து பேச்சைக் கேளுங்கள். விளவங்கோட்டுத் தமிழில் தண்ணீருக்கு ‘வெள்ளம்’. சொன்னான் என்பதற்குப் ‘பறஞ்சான்’. நெல்லையில் இருந்து பெண் எடுத்தால் அந்தப் பெண் முதல் மாதம் முழுக்க முழித்துக்கொண்டிருப்பாள். காக்காரிசி நாடகம் என்ற ஒரு கூத்து தென்கேரளத்தில் உண்டு. சிவனும் பார்வதியும் குறவனும் குறத்தியுமாக வந்து பேசுவார்கள். அதன் பாட்டுகளிலும் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும். சிரிப்பே அந்தக் கலப்பில்தான்.

இந்தப் பாட்டுகளில் மிகப் பெரியது என்று நான் கருதுவது இரவிக்குட்டிப் பிள்ளை போர். 1634 வாக்கில், மதுரைத் திருமலை நாயக்கரின் படை வேணாட்டின் மேல் வந்தது. இன்றைய நாகர்கோவிலுக்கு அருகே கணியாகுளத்தில் சண்டை. வேணாட்டுப் படையை நடத்திய மந்திரி கேரளபுரத்து இரவிக்குட்டிப் பிள்ளை. வரலாற்று நூல்களில் இது ஒரு பத்தி. பாட்டில் இது ஓர் இரவு.

புறப்படும் முன் தாய் தடுக்கிறாள், மனைவி தடுக்கிறாள். கண்ட கெட்ட கனவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் போகாதே என்கிறார்கள். நாள் சரியில்லை, சகுனம் சரியில்லை. அவரோ, கதவை அடைத்து அறைக்குள் ஒளிந்தாலும் வருகிற சாவு வரத்தான் செய்யும் என்ற போக்கில் பதில் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். போர்க்களத்தில் கூட இருந்த பிள்ளைமாரும் மந்திரிமாரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு பின்வாங்குகிறார்கள். பொறாமைதான் காரணம். தனியாளாய் நின்று வெட்டுப்பட்டுச் சாகிறார். தலையை அறுத்து நாயக்கர் பாசறைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பிறகு அவருடைய ஊழியன் காளி நாயர் எதிரி முகாமுக்கே போய், அழுது கேட்டு, தலையை வாங்கி வருகிறான். பாட்டின் உச்சம் சண்டையில் இல்லை, இந்தத் தலையில் இருக்கிறது. வெற்றி தோல்வியைப் பற்றிப் பாட்டுக்குக் கவலையே இல்லை பாருங்கள். தாய்க்கு உடல் முழுதாகக் கிடைத்ததா என்பதுதான் கவலை.

அரண்மனைப் புலவன் இப்படிப் பாடமாட்டான். தன் பக்கத்து மந்திரிகளே காட்டிக்கொடுத்தார்கள் என்று அரசு ஆவணம் எழுதாது. பாட்டு எழுதி வைத்திருக்கிறது. முந்நூறு வருடங்களுக்கு மேலாகப் பாடிக்கொண்டும் இருக்கிறது. பாட்டில் வரும் ஊர்ப்பெயர்களைக் கோத்துப் பார்த்தால் கேரளபுரம், கணியாகுளம் என்று இன்று தமிழ்நாட்டில் இருக்கும் இடங்கள். பாட்டின் தலைவன் வேணாட்டு அரசனின் மந்திரி, மலையாளப் பெயருடைய நாயர் ஊழியன், எதிரி மதுரைக்காரன். அப்படியானால் இது யார் பாட்டு? சட்டப்படி பார்த்தால் நமக்கு எதிரான பாட்டு என்றுகூட ஒருவர் சொல்லலாம்! ஆனால் குமரி மாவட்டத்துத் தமிழர் இதைத் தங்கள் பாட்டாகத்தான் பாடினார்கள்.

இதுபோல ‘பஞ்சவன்காட்டு நீலி’ கதையும் இரண்டு பக்கத்துக்கும் பொது. சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். அதில் பஞ்சவன்காடும் அந்த யட்சிக் கதையும் வருகின்றன. நம் பக்கத்துப் பழையனூர் நீலியை அறிந்தவர்களுக்கு அந்த யட்சியைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். ஐவர் ராசாக்கள் கதை, முத்துப்பட்டன் கதை போன்றவற்றைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து, 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. முத்துப்பட்டன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அவர்கள் குலத்தொழிலையும் ஏற்று, மாடுகளைக் காக்கப் போய்ச் செத்த பிராமணன். அவன் இன்று பாபநாசத்தில் பட்டவராயன் என்ற சாமி.

இங்கேதான் அந்த ஒழுங்கு உடையும் நேரம் என்று முன்பு சொன்னது வருகிறது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வில்லுப்பாட்டுக் கோயில்களில் இரவிரவாக உட்கார்ந்து பதிவு செய்து, 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். கைலாசத்தில் பிறந்து இறங்கி வந்த தெய்வங்களின் கதை ஒரு வகை, மனிதராய்ப் பிறந்து அநியாயமாய்ச் செத்துத் தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகையை நம் ஊரில் ‘வெட்டுப்பட்ட வாதை’ என்பார்கள். நடுச்சாமத்தில் சாவுக் காட்சி வரும்போது வீசுகோல் வேகம் பிடிக்கும், குடம் அதிரும், சாமியாடி எழுந்துவிடுவார். அப்போது புலவர் கதையை நிறுத்தி, ஆட்டத்துக்குத் தகுந்தாற்போல் பாடவேண்டும். சாமி மலையேறாமல் பாட்டை முடிக்க முடியாது. கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் அழுவார்கள். தங்கள் வீட்டில் போன உயிர்களுக்காகவும் சேர்த்துத்தான் அழுவார்கள்.

அப்படியானால் வில்லுப்பாட்டு நம்முடைய புளூஸ் என்று சொல்லிவிடலாமா? மலர்க் கட்டுரைகளில் இப்படி ஒரு சமன்பாடு போடுவது சுலபம், ஆனால் அது சரியாக வராது. புளூஸ் ‘நான்’ என்று பேசும். என் வீடு போயிற்று, என்னவள் போய்விட்டாள், நான் எங்கே போவேன் என்று ஒரு தனிமனிதன் தன் கதையைப் பாடுவது. கோயிலுக்கு அது ஆகாது. அந்த ஊர்ச் சபைகள் அதைப் பேயின் பாட்டு என்றே ஒதுக்கி வைத்தன. வில்லுப்பாட்டில் ‘நான்’ கிடையாது. அவையடக்கத்தில் புலவர் தன்னைத் தாழ்த்திக்கொள்வதோடு அவர் கதை முடிந்தது. பிறகு செத்தவன் கதைதான். அது கோயிலுக்குள்ளேயே நடப்பது, தனியாளாய் நடக்காது, ஊர்ச்செலவில் நடப்பது. ஆகவே வில்லுப்பாட்டுக்கு அமெரிக்காவில் சரியான உறவு தேடினால், அது புளூசுக்குச் சற்று முந்திய கறுப்பின மக்களின் கதைப்பாடல்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 1895 கிறிஸ்துமஸ் நாளில் செயிண்ட் லூயிஸ் நகர மதுக்கடையில் லீ ஷெல்டன் என்பவன் பில்லி லயன்ஸ் என்பவனைச் சுட்டான். அந்தச் செய்தி பாட்டாகி, ‘ஸ்டேகர் லீ’ என்ற பெயரில் நூறு விதமாகப் பாடப்பட்டுவிட்டது. கொலையும் பாட்டும், நம் வெட்டுப்பட்ட வாதையைப் போலவே. அங்கே சுட்டவன் பெயரில் பாட்டு நிற்கிறது. இங்கே செத்தவன் சாமியாகிறான். இந்த வேறுபாடும் யோசிக்க வேண்டிய ஒன்றுதான்.

சோல் இசையோடு உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. ரே சார்ல்ஸ் 1954இல் தேவாலயப் பாட்டின் மெட்டையும் கைதட்டலையும் அப்படியே எடுத்து, அதில் காதல் பாட்டைப் பாடினார். பக்தர்கள் கோபப்பட்டார்கள், இளைஞர்கள் வாங்கிக் கேட்டார்கள், சோல் பிறந்தது. கோயில் வில்லைக் கலைவாணர் மேடைக்குக் கொண்டுவந்தபோது நடந்ததும் இதுதான். சாமியாடி எழுந்திருக்கும் இடத்தில் சிரிப்பு எழுந்தது, அவ்வளவே வித்தியாசம்.

அடிமைத்தனத்தைப் பற்றியும் பேசாமல் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. திருவிதாங்கூரிலும் மனிதரை வாங்கி விற்ற காலம் இருந்தது. லண்டன் மிஷன் பாதிரிமார் 1847இல் அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். 1853இலும் 1855இலும் வந்த அறிவிப்புகளால் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அமெரிக்காவுக்குப் பத்து வருடம் முன்னால்! பாறசாலை அந்த மிஷனின் முக்கியமான நிலையங்களில் ஒன்று. பழைய அறிக்கைகளில் ‘பரேச்சாலி’ என்று உச்சரிப்பு வரும்படி எழுதியிருப்பார்கள். சட்டம் வந்த பிறகும் வழியில் நடக்க உரிமை வரவில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகா வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்லுவண்டி கட்டிப் பொதுவழியில் ஓட்டிக் காட்டியதுதான் அதன் தொடக்கம். இந்தப் பகுதியின் அருவிப்புறத்தில், நெய்யாற்றின் கரையில் நாராயண குரு 1888இல் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். மேலாடைக்கான போராட்டம் 1859 அறிவிப்பு வரை இந்த ஊர்களில்தான் கொதித்தது. ஒரு தாலுகாவுக்குள் இவ்வளவு வரலாறு அடங்கியிருப்பது அதிசயம்தான்.

பாட்டும் இந்த வரலாற்றோடுதான் நடந்தது. திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் லண்டன் மிஷனில் பணியாற்றி, கர்நாடக இசையில் மலையாளக் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை எழுதினார். 1916இல் மறைந்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தமிழில் தொடங்கி வைத்த வழி அது. ஞாயிறு காலை சபையில் கீர்த்தனை, செவ்வாய் இரவு இசக்கி கோயிலில் வில்லு, இரண்டையும் ஒரே காதுகள் கேட்ட ஊர்கள் இவை.

சாஸ்திரிய சங்கீதத்திலும் இந்த ஊர்கள் சும்மா இருக்கவில்லை. பாறசாலை பொன்னம்மாள் 1924இல் பிறந்தவர். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண் பாடக்கூடாது என்ற நெடுநாள் வழக்கத்தை 2006இல் உடைத்துப் பாடியவர் அவர்தான். அப்போது அவருக்கு எண்பத்தொன்று வயது. 2017இல் பத்மஸ்ரீ, 2021இல் மறைவு. நெய்யாற்றின்கரை வாசுதேவன் 1940இல் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, செம்மங்குடியின் சீடராகி, 2004இல் பத்மஸ்ரீ பெற்று, 2008இல் காலமானார். இவர்கள் இருவரின் பெயரிலும் ஊர் முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். புளூஸ்காரர்களிலும் அப்படித்தான், மெம்பிஸ் மின்னி, மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்று ஊரைச் சுமந்தவர்கள் பலர். ஆனால் பாறசாலை இன்னார், அமரவிளை இன்னார் என்று வில்லுப்பாட்டு ஆசான் ஒருவர் பெயரை நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

அதற்கு ஒரு காரணம் 1956. திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் 1945இல் தொடங்கி, நேசமணி தலைமையில் வளர்ந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை மட்டுமல்ல, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவற்றின் தமிழ்ப் பகுதிகளும் அவர்கள் கேட்ட பட்டியலில் இருந்தன. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பசல் அலி கமிஷன் 1955இல் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1இல் தெற்கே நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு களியக்காவிளைக்கும் பாறசாலை இஞ்சிவிளைக்கும் நடுவில் விழுந்தது.

கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே குடும்பங்கள், ஒரே காவுகள், ஒரே கொடை. பள்ளிக்கூடம் மட்டும் வேறு. 1969இல் கேரள அரசு கொண்டுவந்த ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதம் எழுத இடம் உண்டு. ஆனால் எல்லை ஊர்களில் பிள்ளைகள் படித்தது பெரும்பாலும் மலையாளத்தில்தான், வேலை அதில்தான் இருந்தது, அதைத் தவறு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. மும்பையிலும் தில்லியிலும் நம் பிள்ளைகள் செய்வதும் அதுதானே. பாலராமபுரத்தில் நூறு, இருநூறு வருடங்களுக்கு முன் குடியேறிய தமிழ்ச் சாலியர் தெருக்களில் தறிச்சத்தம் கேட்கும், வீட்டுக்குள் தமிழ் கேட்கும், கடைக்கணக்கு மலையாளத்தில் இருக்கும். அவர்கள் நெய்த கசவுப் புடவையைத்தான் கேரளத்துப் பெண்கள் ஓணத்துக்கு உடுத்துகிறார்கள்.

பாட்டுக்கு நேர்ந்தது இதுதான்: தமிழ்நாட்டில் அது ‘மலையாளம் கலந்த’ பாட்டு, கேரளத்தில் அது ‘தமிழ் கலந்த’ பாட்டு. வடக்கன் பாட்டுகளுக்கு உதயா ஸ்டுடியோவின் ‘உண்ணியார்ச்சா’ (1961) தொடங்கி ‘ஒரு வடக்கன் வீரகாதா’ (1989) வரை சினிமா வாழ்வு கிடைத்தது. தெக்கன் பாட்டுகளுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. தமிழ் சொற்களை மலையாள எழுத்தில் அச்சிட்ட புத்தகங்களை நம்மவர் படிக்க முடியாது. அவர்கள் படித்தாலும் பாதி புரியாது. புரிகிற கூட்டம் எல்லையை ஒட்டி இருபது முப்பது மைல் அகலத்தில்தான் இருக்கிறது. அதிலும் இளையவர்கள் குறைந்து வருகிறார்கள். கொடைக்கு இப்போது ஒலிபெருக்கியும் கீபோர்டும் வந்துவிட்டன, ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் வைக்கத் தடை, நடுச்சாமக் கதையைச் சாயங்காலத்துக்குச் சுருக்கிவிடுகிறார்கள். சாமி எப்போது எழும்?

இன்னொரு குறையும் நம்முடையது. நம் அறிஞர்கள் பெரும்பாலும் சேகரித்தது ஏட்டையும் சொல்லையும்தான். குரலை அல்ல, பாடியவர் வாழ்க்கையையும் அல்ல. அமெரிக்காவில் ஜான் லோமாக்சும் மகன் ஆலனும் 1933இல் காரில் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சிறைச்சாலை சிறைச்சாலையாகப் போனார்கள். லூசியானாவின் அங்கோலா சிறையில் அவர்கள் கண்ட கைதிதான் பின்னர் உலகம் அறிந்த லெட்பெல்லி. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் சில தட்டுகள் பதிவு செய்துவிட்டு, கம்பெனி நொடித்ததும் வயல் வேலைக்குத் திரும்பிவிட்டார். முப்பத்தைந்து வருடம் கழித்து, 1963இல், ஒரு இளைஞன் அவருடைய பழைய பாட்டு ஒன்றில் ‘அவலான்’ என்ற ஊர்ப்பெயர் வருவதைக் கேட்டு, பழைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப்பிடித்துப் போனான். எழுபது வயதுப் பெரியவர் அங்கேயே இருந்தார். மறுபடி பாடினார், நியூபோர்ட் இசைவிழா மேடை ஏறினார், 1966இல் இறந்தார். பாட்டுக்குள் ஊர்ப்பெயர் இருந்ததால் கிடைத்த மனிதர் அவர்.

நம் பாட்டுகளில் ஊர்ப்பெயருக்குப் பஞ்சமே இல்லை. நாட்டுவளம் பாடும்போது புலவர் அந்தக் கொடை நடக்கும் ஊரையும், சுற்றியுள்ள ஊர்களையும், ஆற்றையும், குளத்தையும் சொல்லித்தான் கதைக்குள் நுழைவார். களியக்காவிளைக்குத் தெற்கே பாடினாலும் வடக்கே பாடினாலும் அந்த வரிசையில் சோதனைச்சாவடி வராது.

பங்குனி, சித்திரை மாதங்களில் ஊருக்குப் போகும் அன்பர்கள், கொடையில் வில்லுப்பாட்டு வைத்திருந்தால் ஒரு ராத்திரி உட்காருங்கள். கைபேசியில் படம் எடுப்பவர்கள் நாலு நிமிடத்தோடு நிறுத்தாமல் நாட்டுவளத்தில் இருந்து வாழ்த்து வரை பதிவு செய்யுங்கள். புலவர், குடக்காரர், வலப்பாட்டு, இடப்பாட்டு என்று எல்லோருடைய பெயரையும், ஊரையும், யாரிடம் படித்தார்கள் என்பதையும், அவர்கள் சம்மதத்தோடு, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் பதில் வரும். எழுதியதை நம் சங்கத்துக்கு அனுப்பினால் அடுத்த மலரில் ஒரு பட்டியலாக வெளியிட முடியும். பெயருக்கு முன்னால் ஊரைப் போட மறக்க வேண்டாம்.